விருப்பம் என்ற ஒரு சொல்

2015 ஆகஸ்ட் மாதம். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த எங்களைக் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றிலும் ஹெச்.ஆர். ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் எங்கள் பெயர் அச்சிட்ட தாள்கள். என் தாள்களில் ஐந்து இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஐந்து இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். செட்டில்மென்ட் தொகை என்று ஒரு எண்ணைக் காட்டினார்கள்: 2,10,000 ரூபாய். அவ்வளவு பணத்தை என் பெயரில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போதுதான் முதல் வரியை நிதானமாகப் படித்தேன். சொந்தக் காரணங்களுக்காக, முழு விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு அம்மா கேட்டார்: “உனக்கு என்னடி சொந்தக் காரணம்?”

இந்தக் கட்டுரையில் நான் பேச நினைப்பது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிதி இருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, உண்மைதான். அவற்றின் வாசலில் ‘விருப்பம்’ என்ற சொல் நிற்கிறது. எங்களைப் போன்றவர்கள் அந்த வாசலுக்குப் போய்ச் சேரும் முன்பே அந்தச் சொல்லின் மேல் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் வாலாஜாபாத் பக்கம். பிளஸ் டூ முடித்து 19 வயதில், 2009-ல், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் செல்போன் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் சேர்ந்தேன். விடியற்காலை நாலரைக்குத் தெருமுனையில் பஸ் வரும். ஒரு தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஏறுவோம். அந்தக் காலத்தில் எங்கள் பகுதிப் பெண்களுக்கு ஒரு சம்பளமும் கொஞ்சம் மரியாதையும் அந்த பஸ்ஸில்தான் வந்தன. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனால்கூட யாரும் கேள்வி கேட்கவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே அங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியே வந்திருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் நின்றது. பெரிய மரம் சாய்ந்தால் அதில் படர்ந்த கொடிகள் என்ன ஆகும்? எங்களுடையதும் அப்படி ஒரு கொடிதான். எங்களிடம் கையெழுத்து வாங்கியபோது உள்ளே 340 பேர் இருந்தோம். நான்கு மாதம் கழித்து ஆலையை நிரந்தரமாக மூடியபோது இருந்தது நாற்பத்துச் சொச்சம் பேர்.

அந்த எண் ஏன் முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அன்றைய சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். ஐம்பது பேர் இருந்தால் 60 நாள் முன்னறிவிப்பாவது தர வேண்டும். பெரும்பாலானோர் ‘தாங்களாகவே’ போய்விட்ட பிறகு மூடும் ஆலை இரண்டையும் எளிதாகத் தட்டிக்கழிக்கலாம்.

கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் கழித்து யாரோ சொல்லி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கிளை அலுவலகத்துக்குப் போனேன். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் 2005-லிருந்தே இருந்தது. மூன்று ஆண்டு சந்தா கட்டியவர் ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால் ஓராண்டு வரை பாதிச் சம்பளம், குடும்பத்துக்கு வைத்தியம், தொழிற்பயிற்சி, அதற்குப் போய்வரும் பயணச் செலவு. என் சம்பளம் 11,400. மாதம் 5,700 வீதம் ஓராண்டு என்றால் 68,400 ரூபாய். பஸ்ஸிலேயே அதை மனதுக்குள் செலவுசெய்து முடித்திருந்தேன். மேசையில் இருந்த பெரியவர் என் தாள்களை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “இதுல விருப்ப ஓய்வுன்னு இருக்கேம்மா. ஆட்குறைப்புன்னு இருந்தா நானே ஃபாரம் எழுதிக் குடுத்திருப்பேன்” என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார். விதி அப்படித்தான், அவர் என்ன செய்வார்.

2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று புதிய திட்டம் ஒன்று வந்தது. ஆயுளுக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாள். முதலில் கால் சம்பளம், கொரோனாக் காலத்தில் அதை அரைச் சம்பளமாக்கினார்கள். இதிலும் விருப்ப ஓய்வில் போனவருக்கு இடமில்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கென்றே ‘மறுதிறன் நிதி’ உண்டு. அதே சட்டத்தில் ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் படித்தால், தொழிலாளி தானாக ஓய்வுபெறுவது அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. திட்டத்தின் பெயர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது. அந்தச் சொல் மட்டும் அசையாமல் வாசலிலேயே நிற்கிறது.

தானாக விரும்பி ஓய்வு பெறுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர், சொந்தக் கடை போட நினைப்பவர் என்று எங்கள் லைனிலேயே இரண்டு மூன்று பேர் சந்தோஷமாகப் போனார்கள். ஒரே வாரத்தில் முந்நூறு பேருக்கு அந்த விருப்பம் வருமா? 25 வயதுப் பெண்ணுக்கு ஓய்வு எதற்கு?

கம்பெனி தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்தான், நாங்கள் அதைவிடப் பல மடங்கு தருகிறோம், தொழிலாளர்களே அதைத்தான் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். என் ஆறு வருடத்துக்குச் சட்டக் கணக்கு மூன்று மாதச் சம்பளம், பணிக்கொடை தனி. எல்லாம் சேர்த்தாலும் இரண்டு லட்சத்தை எட்டியிருக்காது. அதனால்தான் கையெழுத்துப் போட்டோம். கூடுதலாகத் தருவதைத் தரட்டும், வாங்குபவர் வாங்கட்டும். அந்தப் பணத்துக்கு ஈடாக இ.எஸ்.ஐ.யில் எனக்கிருந்த உரிமையையும் சேர்த்து எழுதி வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த உரிமை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்த சந்தாவால் வந்தது. அதை விலைபேச ஆலைக்கு அதிகாரம் கிடையாது.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒரே ஆலையிலிருந்து குறுகிய காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் விலகினால், தாளில் எந்தச் சொல் இருந்தாலும், இ.எஸ்.ஐ. உதவிக்கும் பயிற்சிக்கும் மறுதிறன் நிதிக்கும் அதை ஆட்குறைப்பாகவே கொள்ள வேண்டும். ஒரு வரி விதி. பத்து வருடமாக இந்த ஒரு வரிக்காகத்தான் கூட்டங்களில் எழுந்து நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன்.

நான் ஆறு வருடம் செய்த வேலை இது. அடுப்பிலிருந்து வெளியே வரும் போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். கடுகைவிடச் சிறிய பாகங்கள் அதில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஒன்று ஒரு காலில் எழுந்து நின்றால் டூம்ஸ்டோன். இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் கட்டினால் பிரிட்ஜ். ஒட்டியது போலத் தெரிந்து ஒட்டாமல் இருந்தால் டிரை சோல்டர். கண்டுபிடித்து, சூடான காற்றால் இளக்கி எடுத்து, சுத்தம் செய்து, புதியதை வைத்து மறுபடி ஈயம் வைக்க வேண்டும். ஒரு நொடி அதிகம் சூடு காட்டினால் போர்டு போய்விடும். கையில் நிலைமின்சாரப் பட்டை கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம். கடைசி இரண்டு வருடத்தில் புதிதாக வந்த நாற்பது பெண்களுக்கு நான்தான் இதைக் கற்றுக்கொடுத்தேன். வேலையை விட்டபோது கையில் கொடுத்த அனுபவச் சான்றிதழில் இருந்தது மூன்றே சேதி: ஆப்பரேட்டர், சேர்ந்த தேதி, விலகிய தேதி.

வெளியே வந்ததும் எல்லோரும் சொன்னது, “ஏதாவது கோர்ஸ் படிம்மா.” இலவசமாகக் கிடைத்தவை தையலும் அழகுக்கலையும். தையலை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன், எங்களை வளர்த்ததே அம்மாவின் மிஷின்தான். ஆனால் எங்கள் தெருவில் அப்போதே மூன்று தையல் போர்டு தொங்கியது, நான்காவதுக்கு யார் துணி கொடுப்பார்கள்? நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று எழுதி வைத்திருந்த ஒரு தனியார் மையத்தில் 18,000 ரூபாய் கட்டி மூன்று மாதம் கம்ப்யூட்டரும் டேலியும் படித்தேன். அந்த உத்தரவாதம் மாதம் 6,000 ரூபாயில் ஒரு கூரியர் கடையாக வந்தது. இதற்குமுன் என்ன வேலை பார்த்தாய், உனக்கு என்ன தெரியும் என்று இந்த மூன்று இடத்திலும் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே எல்லோரும் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் நானும் அதை நம்ப ஆரம்பித்தேன். பணம் போனதைவிட அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

செட்டில்மென்ட் பணம் எங்கே போனது என்று கேட்பார்கள். அம்மாவின் நகையை மீட்டோம், தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் இரண்டு வருடத்துக்குக் கட்டினோம், ஓடு மாற்றினோம். பதினான்கு மாதத்தில் தீர்ந்தது. அதில் ஒரு ரூபாயும் வீண் செலவில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டும் வேலைக்குப் போனேன்.

அந்தக் கடைக்குச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மா, அரசு ஐ.டி.ஐ. ஆசிரியை, பேச்சுவாக்கில் சொன்னார்: “பொண்ணுங்களுக்கு ஐ.டி.ஐ.ல வயசு வரம்பே கிடையாதும்மா. ஆம்பளைங்களுக்குத்தான் நாப்பது.” அன்று எனக்கு 28 வயது. மூன்று வருடமாக எனக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. 2018-ல் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. சோல்டரிங் வகுப்பில் என் கையைப் பார்த்த சார், என்னைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொன்னார். மூன்று வருடம் கழித்து அன்றைக்குத்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

படிப்பு இலவசம், பஸ் பாஸ் இலவசம். வீட்டில் உலை வைக்க வேண்டுமே. சனி, ஞாயிறு பட்டுக்கடை, மற்ற நாள் அம்மாவின் மிஷின். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இப்போது மாத உதவித்தொகை 750 ரூபாய். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது கைச்செலவு, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் ஒருவருக்கு அது ஒரு வாரத்துக்கும் காணாது. என்னோடு வேலை போன பெண்களில் பதினோரு பேரிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன். சேர ஆசைப்பட்டவர்கள் ஏழு பேர், சேர்ந்தவள் ஒருத்தி. அவளுக்கு மட்டும்தான் சம்பாதிக்கும் அப்பா இருந்தார். வயிற்றுக்கு வழி சொல்லாத பயிற்சி ஏற்கெனவே ஓரளவு வசதி உள்ளவர்களைத்தான் போய்ச் சேரும்.

இரண்டு வருடப் படிப்பில் எனக்குத் தெரியாதிருந்தது பாதிதான். மின்சுற்றின் அடிப்படை, அளவீட்டுக் கருவிகள், வரைபடம் படிப்பது எல்லாம் அங்கே கற்றேன். மீதியை என் கை முன்பே அறிந்திருந்தது. ஏற்கெனவே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற வழி மத்திய அரசின் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. எங்களைக் கேன்டீனில் உட்கார வைத்த அன்று அந்தச் சோதனையை நடத்தி, யாருக்கு என்ன தெரியும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஆறு மாதப் பயிற்சியில் நான் நிமிர்ந்திருப்பேன்.

புதிய சட்டத்தின் மறுதிறன் நிதிக்குத் திரும்புகிறேன். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, ஆளுக்குக் கடைசியாக வாங்கிய பதினைந்து நாள் சம்பளத்தை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். மாதம் 18,000 வாங்கியவருக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் கிடைக்கலாம். எந்தப் பயிற்சிக்கு, எங்கே, யார் வழிகாட்டுவது என்று அந்தப் பணத்தோடு எதுவும் சேர்ந்து வருவதில்லை. வேலை போன மாதத்தில் கணக்கில் விழும் பத்தாயிரம் ரூபாய் வாடகைக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்குப் போகும். போகத்தான் வேண்டும். பெயரில் திறன் இருப்பதால் அது பயிற்சி ஆகிவிடாது. இதே சட்டம், மூடுவதற்கு அரசின் அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவை நூறு பேரிலிருந்து முந்நூறாக உயர்த்தியிருக்கிறது. எங்கள் பகுதியில் உதிரிபாகம் செய்யும் எத்தனையோ ஆலைகள் அந்த முந்நூறுக்குள் அடங்கிவிடும்.

பயிற்சி தொடங்க வேண்டிய இடம் ஆலையின் கேட்டுக்கு உள்ளே. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது 2021 செப்டம்பர் 9. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வந்தது 2022 ஜூலை. இடையில் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் செய்திகளில் நாம் படித்ததெல்லாம் வருடத்துக்கு எத்தனை நாள் சம்பளம் தருவார்கள் என்ற கணக்கைத்தான். அந்தக் கணக்குக்கான போராட்டம் நியாயமானது, நானும் மனதுக்குள் அவர்களோடு நின்றேன். கூடவே எனக்குத் தோன்றியது: பத்து மாதம் என்றால் ஐ.டி.ஐ.யில் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, கேன்டீன் சாப்பாடும் பஸ்ஸும் இருக்கும்போதே வாரம் இரண்டு நாள் படிக்க முடிந்தால், கடைசி நாளில் வெளியே வருபவர் கையில் இன்னொரு சான்றிதழ் இருக்கும்.

தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் சுவீடன் நாட்டைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. அலுவலக ஊழியர்களுக்கு 1974-லிருந்து, ஆலைத் தொழிலாளர்களுக்கு 2004-லிருந்து. வேலையில் இருக்கும் காலத்திலேயே சம்பளப் பட்டியலில் ஒரு சிறு பங்கை நிறுவனங்கள் அதற்குச் செலுத்திவருகின்றன. நோட்டீஸ் வந்ததும் ஆலோசகர் வந்து பேசத் தொடங்கிவிடுவார். அதைக் கேட்டபோது எனக்கு அந்த நாட்டின் செல்வத்தைவிட, அந்த ஆலோசகர் வரும் நேரம்தான் பெரிதாகப் பட்டது.

நம்மிடம் இடமும் கருவியும் இல்லாமல் இல்லை. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழ்நாடு அரசு நவீனமாக்கியிருக்கிறது. ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் என்று எல்லாம் வந்திருக்கிறது. அந்தக் கூடங்களில் மாலை வகுப்பு நடத்தி, வேலை இழந்தவர்களுக்குக் குறைந்தது ஆறு மாதம் பாதிச் சம்பளத்தோடு இடம் கொடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகையைக் காட்டாதீர்கள். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பிளஸ் டூ படித்தவருக்கு மாதம் 400 ரூபாய் தரும் திட்டம் அது. படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்களுக்காக வந்தது, வேலை பறிபோனவர்களை மனதில் வைத்து வந்ததல்ல.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எங்கள் லைனில் பாதிப்பேர் அவர்கள்தான். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சிலருக்குப் புது இ.எஸ்.ஐ. எண் போடுவார்கள், பழைய சந்தாவின் கணக்கு அத்தோடு அறுந்துபோகும். அவர்களை அன்று கேன்டீனுக்குக்கூடக் கூப்பிடவில்லை. மறுநாள் பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இப்போது ஒரு சார்ஜர் ஆலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித் தாளோடு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்கிறேன். போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். 27 வயது, இரண்டு வயதில் குழந்தை. அவள் கையில் இருந்த தாளிலும் பென்சில் குறிகள். “அக்கா, போட்ரட்டுமா?” என்றாள். முதல் வரியைப் படிக்கச் சொன்னேன்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து, உனக்கு என்னென்ன தெரியும் சொல்லு என்றேன். “எனக்கு என்னக்கா தெரியும், லைன்ல நின்னேன்” என்றாள். எந்த மெஷின், பெயர் என்ன, காலையில் அதை எப்படி ஸ்டார்ட் செய்வாய், நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குழந்தை மடியில் தூங்கிவிட்டது. சாயந்திரம் நாலு மணிக்குத் தொடங்கியது விளக்கு வைக்கும்வரை போனது. ஏழு பக்கம் நிரம்பியது. பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எட்டாவது பக்கத்தில் அவளே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் வேலையிலிருந்து விலகக் காரணம் உற்பத்திக் குறைப்பால் செய்யப்படும் ஆட்குறைப்பு என்று குறிப்பிட்டு, நான் இயக்கிய மெஷின்களின் பெயர்களோடு சான்று தர வேண்டும் என்று. திங்கள்கிழமை கொடுத்துவிட்டு நகலில் சீல் வாங்கி வந்தாள். கையெழுத்துப் போட அவளுக்குக் கொடுத்திருக்கும் கெடு இந்த வெள்ளிக்கிழமை. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.